பியேலகோ: கரை தெரியாத கடலுக்கு ஒரு சொல்

ஸ்பானிஷில் கடலுக்கு என்ன சொல் என்று அங்கே எந்தக் குழந்தையைக் கேட்டாலும் 'மார்' என்று சொல்லிவிடும். குளிக்கப் போவது மாருக்கு. மத்தியும் நெத்திலியும் வருவது மாரிலிருந்து. வானிலை அறிக்கையில் கொந்தளிப்பதும் மார்தான். அதே மொழியில் கடலுக்கு 'பியேலகோ' என்று இன்னொரு சொல் உண்டு. கடற்கரையில் நின்றுகொண்டு அதை யாரும் சொல்வதில்லை. பழைய கவிதையில் வரும், காவிய நடையில் எழுதுகிறவர்களிடம் வரும், எப்போதாவது ஒரு மேடைப் பேச்சில் வரும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். நம்மிடம் கடல் இருக்கிறது, ஆழியும் இருக்கிறது. "சாயங்காலம் ஆழிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தோம்" என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தச் சொல் புழங்கும் இடம் வேறு. ஸ்பானிஷில் பியேலகோவின் நிலையும் அதுதான்.

ஆனால் 'கடலுக்கு ஓர் அழகான மாற்றுச் சொல்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் இந்தச் சொல்லுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். பியேலகோவுக்குத் தனக்கென்று ஒரு பொருள் இருக்கிறது. கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு வரும் கடல் அது. நாலாபக்கமும் தண்ணீர், திரும்பிப் பார்த்தால் கரை இல்லை. மாருக்குக் கரை உண்டு, மணல் உண்டு, குடை விரித்துப் படுத்திருப்பவர்கள் உண்டு. பியேலகோவுக்கு இவை எதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் உச்சரிப்பு. அழுத்தம் 'பியே' மேல் விழ வேண்டும். 'லகோ' அதன் பின்னால் லேசாக ஓடிவர வேண்டும். கடைசி 'கோ'வைப் பற்றித் தமிழர் கவலைப்படவே தேவையில்லை. 'அகம்', 'முகம்' என்று சொல்லும்போது நடுவில் வருகிற க அழுந்தாமல் உரசிக்கொண்டு போகிறதல்லவா? இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஸ்பானிஷ் ஒலியும் அப்படித்தான். பல நாட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் பழகும் இந்த ஒலி நமக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது.

இனி அகராதி. ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் 1713இல் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் அகராதிதான் ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் கடைசி வார்த்தை. பியேலகோவுக்கு அது தரும் முதல் பொருள், நிலத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் கடற்பகுதி. அடுத்து, பொதுவாகக் கடல். மூன்றாவது, எண்ணிச் சொல்ல முடியாதபடி மிகுதியாக இருக்கும் எதுவும்: பியேலகோ அளவு சந்தேகம், பியேலகோ அளவு துயரம். இது வரை ஆச்சரியமில்லை. நாமும் பிறவியைப் பெருங்கடல் என்று சொன்னவர்கள்தானே. ஆனால் வழக்கொழிந்த பொருள் என்று குறித்து அதே அகராதி இன்னொன்றையும் சொல்கிறது: குளம், தேங்கிய நீர்.

நடுக்கடலும் குளமும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்தன? அதைத் தெரிந்துகொள்ளக் கிரேக்கம் வரை போய்வர வேண்டும்.

கிரேக்கர்களின் நான்கு கடல்கள்

பழைய கிரேக்கத்தில் கடலுக்குக் குறைந்தது நான்கு சொற்கள் உண்டு. 'ஹல்ஸ்' என்றால் உப்பு. உப்புத் தண்ணீரான கடலும் அதே. 'தலஸ்ஸா' என்பது அன்றாடச் சொல். கி.மு. 401இல் பாரசீகத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படை, மாதக்கணக்கில் மலைகளில் நடந்து ஒரு சிகரத்தில் ஏறியபோது தூரத்தில் கருங்கடலைப் பார்த்தது. அப்போது வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கத்தியது "தலத்தா! தலத்தா!" என்று. தலஸ்ஸாவின் ஏதென்ஸ் பக்கத்து வடிவம் அது. நிலத்தில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிந்த கடல். வீடு போய்ச் சேரலாம் என்ற நம்பிக்கை.

மூன்றாவது 'பொன்தோஸ்'. இதன் வேர் வழியைக் குறிப்பது. சமஸ்கிருதத்தில் பாதையைக் குறிக்கும் 'பந்தா'வும், லத்தீனில் பாலத்தைக் குறிக்கும் 'பொன்ஸ்' என்பதும் இதன் பங்காளிகள். ஒரு கரைக்கும் இன்னொரு கரைக்கும் நடுவே கடந்து போகும் வழியாகக் கடலைப் பார்த்த சொல் இது.

நான்காவதுதான் நம்முடையது: 'பெலகோஸ்'. பரந்து கிடக்கும் திறந்த கடல். தட்டையானது, சமதளமானது என்ற பொருளுள்ள ஒரு பழைய வேரோடு இதைச் சேர்க்கிறவர்கள் உண்டு. எல்லா மொழியியலாளர்களும் ஒத்துக்கொண்ட விஷயமில்லை. அது சரியாக இருந்தால், பரந்து கிடப்பதால் நாம் 'பரவை' என்று பெயர் வைத்த அதே பார்வைதான் அங்கேயும் இருந்திருக்கிறது. கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்றும் வேலை இருக்கிறது. கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே கிடக்கும் ஏஜியன் கடலுக்குக் கிரேக்க வரைபடத்தில் 'எகேயோ பெலகோஸ்' என்றே பெயர். ஸ்பானிஷில் கவிஞர்கள் கையில் இருக்கும் சொல் கிரேக்கத்தில் கப்பல் மாலுமியின் கையில் இருக்கிறது.

ரோமானியர்கள் கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட எத்தனையோ பொருள்களோடு இதையும் எடுத்து 'பெலகுஸ்' ஆக்கினார்கள். கடலுக்கு அவர்களிடம் சொந்தமாக 'மாரே' இருந்தது. அதனால் பெலகுஸ் கவிதைக்குப் போனது. ரோமானியக் கவிஞர் வர்ஜில் தன் காவியத்தில் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார். ஓரிடம் கவனிக்கத்தக்கது. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் திமாவோ என்று ஓர் ஆறு பாறைக்கு அடியிலிருந்து பீறிட்டு வருகிறது. அது இரைந்து வந்து வயல்களைப் பெலகுஸால் மூடுகிறது என்கிறார். ஆற்று வெள்ளத்துக்குக் கடலின் பெயர்! சொல் அப்போதே உள்நாட்டுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது.

'பெ' எப்படி 'பியே' ஆனது

லத்தீன் உடைந்து ஸ்பானிஷ் உருவான நூற்றாண்டுகளில் ஓர் ஒழுங்கான மாற்றம் நடந்தது. லத்தீனில் அழுத்தம் பெற்ற குறில் 'எ', ஸ்பானிஷில் 'இயெ' என்று விரிந்தது. நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா' என்பது 'தியெர்ரா' ஆனது. திருவிழாவைக் குறிக்கும் 'ஃபெஸ்தா' என்பது 'ஃபியெஸ்தா' ஆனது. கார் பெயராக நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய அதே ஃபியெஸ்டா. மத்தியானத் தூக்கத்துக்கு உலகமெங்கும் வழங்கும் 'சியெஸ்தா' கூட லத்தீனின் 'செக்ஸ்தா'தான். ஆறாவது என்று பொருள். விடியலிலிருந்து கணக்கிட்டால் ஆறாவது மணி நேரம் உச்சிப்பொழுது.

இதே வழியில் பெலகுஸ் பியேலகோ ஆனது. இந்த விதியின் அழகு, அழுத்தம் நகர்ந்தால் 'இயெ' மறைந்துவிடும் என்பதில் இருக்கிறது. ஏழு என்பது 'சியேத்தே'. எழுபது என்பது 'செத்தென்தா', அங்கே அழுத்தம் தள்ளிப் போனதால் பழைய 'எ'யே நிற்கிறது. பியேலகோவிலும் அப்படியே. அதிலிருந்து பிறந்த பெயரடை 'பெலாகிகோ'. அழுத்தம் 'லா' மேல் போய்விட்டது, 'பியே' மீண்டும் 'பெ'யாகிவிட்டது.

பெலாகிகோ என்ற இந்தச் சொல் கவிஞர்களிடமிருந்து வந்ததல்ல. லத்தீன் வடிவத்தை அறிவியல் நேராக எடுத்துக்கொண்டது. கடலடியையும் கரையையும் ஒட்டாமல் நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் மத்தி, நெத்திலி, சூரை போன்றவற்றை ஸ்பெயினின் மீன்வளத் துறைக்காரர்கள் பெலாகிகோ மீன்கள் என்றுதான் எழுதுகிறார்கள். கவிதை நூலைத் தொடாத ஒருவரும் மீன்பிடி ஒதுக்கீட்டு அறிவிப்பில் தினம் பார்க்கும் சொல். பழைய செய்யுள் சொல் இப்படி எதிர்பாராத வாசலில் திரும்பி வருவதை நாமும் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஆழி என்ற சொல் ஆழிப்பேரலையாகச் செய்தித்தாளுக்கு வந்ததே, அதுபோல.

தீவுகளுக்குள் ஒளிந்திருக்கும் கடல்

நான் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியபோது பியேலகோவை முதலில் பார்த்தது எந்தக் கவிதையிலும் அல்ல, பூகோளப் பாடத்தில். தீவுக்கூட்டத்துக்கு ஸ்பானிஷில் 'ஆர்ச்சிப்பியேலகோ'. கேனரித் தீவுகள், கலாபகோஸ், பிலிப்பைன்ஸ் எல்லாம் ஆர்ச்சிப்பியேலகோ. பள்ளிக்கூடம் போன யாருக்கும் தெரிந்த சொல். அதைப் பிரித்துப் பார்த்தால் 'ஆர்ச்சி' என்பது தலைமையானது, முதன்மையானது, மீதி பியேலகோ. தலைமைக் கடல்! தீவைக் குறிக்கும் எந்தத் துணுக்கும் அதில் இல்லை. எங்கும் பரவிய ஒரு சொல் தான் சொல்லும் பொருளையே தன் உடம்பில் வைத்திருக்கவில்லை என்று கண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் போகவில்லை.

நடந்தது இது. இடைக்கால இத்தாலியர்கள், முக்கியமாக வெனிஸ் வணிகர்கள், ஏஜியன் கடலை 'ஆர்ச்சிபெலகோ' என்று அழைத்தார்கள். தலைமைக் கடல் என்று அவர்களே கோத்த பெயர் அது என்பது ஒரு கருத்து. 'ஐகையோன் பெலகோஸ்' என்ற அந்தக் கடலின் பழைய கிரேக்கப் பெயரே இத்தாலியர் வாயில் திரிந்து, பிறகு 'ஆர்ச்சி' என்று பொருள் பொருத்திக்கொண்டது என்பது இன்னொரு கருத்து. எப்படியானாலும் அது ஒரு கடலின் பெயர். 1207இல் வெனிஸ்காரரான மார்கோ சனூதோ நாக்ஸோஸ் தீவைப் பிடித்து நிறுவிய ஆட்சிக்கு 'ஆர்ச்சிபெலகோவின் சிற்றரசு' என்றே பெயர் நிலைத்தது.

ஏஜியன் கடல் முழுக்கத் தீவுகள். கப்பலில் போகிறவனுக்கு ஒரு தீவு பின்னால் மறைவதற்குள் அடுத்தது முன்னால் எழும். அதனால் ஆர்ச்சிபெலகோ என்றதும் தீவுகள் நிறைந்த கடல் நினைவுக்கு வரத் தொடங்கியது. பிறகு வேறெங்கே தீவுகள் அடர்ந்திருந்தாலும் அந்தக் கடலுக்கும் அதே பெயர். கடைசியில் கடல் கழன்றுபோய்த் தீவுகள் மட்டும் நின்றன. 1521இல் மகெல்லனின் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து இன்றைய பிலிப்பைன்ஸை அடைந்தபோது அவர் அதற்கு வைத்த பெயர் 'புனித லாசரோவின் ஆர்ச்சிப்பியேலகோ'. மூன்று மாதத்துக்கு மேல் கரையே காணாத உண்மையான பியேலகோவைக் கடந்து, பட்டினியில் தோலை ஊறவைத்துத் தின்று வந்தவர்கள் அவர்கள். வந்து சேர்ந்த நிலத்துக்கு வைத்த பெயருக்குள்ளும் அந்தக் கடல் இருந்தது.

மலைக்கும் ஆற்றுக்கும் போன கடல்

இப்போது குளத்துக்கு வரலாம். ஸ்பெயினும் போர்த்துகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தின் நடுப்பகுதி உயர்ந்த பீடபூமி. இடைக்காலத்தில் அங்கே பிறந்து அங்கேயே இறந்த உழவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்ததே இருக்காது. அவர்களுக்குத் தெரிந்த மிக ஆழமான தண்ணீர், ஆறு வளையும் இடத்தில் சுழித்துக் கிடக்கும் மடு. நம் பக்கத்தில் கசம் என்பார்களே, ஆடு மேய்க்கும் பிள்ளைகளை "அந்தப் பக்கம் இறங்காதே" என்று பெரியவர்கள் எச்சரிக்கும் இடம். கால் ஊன்ற அடி கிடைக்காத தண்ணீர். அதற்குப் பியேலகோ என்று பெயர் வைத்தார்கள். நடுக்கடலுக்கும் கசத்துக்கும் பரப்பளவில் எந்த ஒப்பும் இல்லை. ஆனால் உள்ளே விழுந்தவனுக்கு இரண்டும் ஒன்று. அந்த உழவர்களின் சொல்லாட்சி எனக்குத் தவறாகவே படவில்லை.

போர்த்துகீசியத்தில் இந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே பெலகுஸ் தேய்ந்து 'பெகோ' ஆயிற்று. ஆற்றின் ஆழமான இடம் அது. கடலைக் குறிக்கும் 'பெலகோ' தனியே கவிதைச் சொல்லாக வாழ்கிறது. ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் ஊரோடு தங்கிவிட்டார், இன்னொருவர் படித்துப் பட்டணம் போய்விட்டார்.

ஸ்பெயினில் இந்தப் பழைய பொருள் ஊர்ப் பெயர்களில் உறைந்திருக்கிறது. வடக்கே கந்தாப்ரியா மாகாணத்தில், சந்தாந்தேர் நகரத்துக்கு அருகே 'பியேலகோஸ்' என்று ஒரு நகராட்சி இருக்கிறது; ரெனேதோ அதன் தலைமையிடம். பாஸ் என்ற ஆறு அதன் ஊடாக வளைந்து வந்து லியென்க்ரெஸ் மணல்மேடுகளுக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. பெயரைக் கேட்டதும் கடலோர ஊர், அதனால் கடலின் பெயர் என்று தோன்றும். ஆனால் பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுவது பாஸ் ஆற்றின் மடுக்கள். கடல் கண் முன்னால் இருக்க, ஆற்றைப் பார்த்து வைத்த பெயர். தொலேதோ மாகாணத்திலோ கடலே கிடையாது. அங்கே சான் விசென்தே மலைத்தொடரில் ஒரு பழைய மடத்தின் இடிபாடு நிற்கும் இடத்துக்கு 'எல் பியேலகோ' என்று பெயர்.

பியேலகோ கடலிலிருந்து குட்டைக்கு இறங்கியது போலவே, குட்டையிலிருந்து கடலுக்கு ஏறிய ஒரு சொல்லும் ஸ்பானிஷில் உண்டு. 'சார்கோ' என்றால் மழை பெய்து தெருவில் தேங்கும் தண்ணீர். ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குப் போவதை "சார்கோவைத் தாண்டிப் போனான்" என்று இன்றும் சொல்கிறார்கள். ஸ்பெயினின் எத்தனையோ குடும்பங்களில் தாத்தாவோ சித்தப்பாவோ அப்படித் தாண்டிப் போனவர்கள். அத்தனை பெரிய பிரிவைத் தெருக் குட்டையாக்கிச் சொன்னால்தான் வாய் வரும் போலிருக்கிறது.

இன்னொரு மலையிலும் இந்தக் கடல் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஸ்லிம் படைகள் ஐபீரியாவின் பெரும்பகுதியைப் பிடித்தபோது, வட ஸ்பெயினில் அஸ்தூரியாஸின் மலைகளுக்குள் ஒதுங்கி, கோவதோங்கா குகைப் பக்கம் எதிர்த்து நின்றவர் பெலாயோ. அஸ்தூரியாஸின் முதல் அரசர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அவருடைய பெயர் லத்தீனில் 'பெலகியுஸ்'. கடலைச் சேர்ந்தவன் என்று பொருள். நடு 'க' தேய்ந்து 'ய' ஆகிவிட்டதால் ஸ்பானியர்களுக்கே சட்டென்று புலப்படுவதில்லை.

ஆணா பெண்ணா

பியேலகோவைப் பற்றிப் பேசும்போது மார் பற்றிக் கொஞ்சமாவது சொல்லாமல் முடியாது. தமிழில் உயிரற்றதெல்லாம் அஃறிணை. மேசைக்கு ஆண்பால் பெண்பால் பார்க்க மாட்டோம். ஸ்பானிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தாக வேண்டும். லத்தீனில் மாரே இரண்டுமில்லாமல் பொதுப்பாலாக இருந்தது. பொதுப்பால் மறைந்தபோது பிரெஞ்சு கடலைப் பெண்ணாக்கியது, இத்தாலியன் ஆணாக்கியது. ஸ்பானிஷ் இன்று வரை முடிவு செய்யவில்லை. 'எல் மார்' என்றால் ஆண், 'லா மார்' என்றால் பெண், இரண்டும் சரி.

பொதுப் பேச்சில் எல் மார். கடலோடு பிழைப்பவர்கள் வாயிலும் கவிதையிலும் லா மார். வானிலை அறிக்கையில் கடல் கொந்தளிப்பின் அளவைச் சொல்லும் 'மார் க்ருவேசா' போன்ற கலைச்சொற்கள் பெண்பாலில் இருப்பதும் மாலுமிகள் வழி வந்ததால்தான். 1952இல் வந்த ஹெமிங்வேயின் குறுநாவலில் கியூபாவின் கிழட்டு மீனவர் கடலை எப்போதும் லா மார் என்றே நினைக்கிறார். மோட்டார் படகு வாங்கிய இளைஞர்கள்தான் எல் மார் என்கிறார்கள். ஸ்பானியக் கவிஞர் எஸ்ப்ரொன்சேதா 1835இல் வெளியிட்ட கடற்கொள்ளையன் பாடலில் இரண்டும் வருகின்றன. கப்பல் கிழித்துப் போகும் தண்ணீரை வெளியே நின்று வர்ணிக்கும்போது எல் மார். கொள்ளையனே வாய் திறந்து, தன் ஒரே தாய்நாடு என்று சொல்லும்போது லா மார். மொழி கொடுத்த சுதந்திரத்தை இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

பியேலகோவுக்கு இந்தத் தயக்கம் கிடையாது. அது எப்போதும் ஆண்பால், 'எல் பியேலகோ'. கவிதைச் சொற்களில் அதற்கு ஒரு தோழனும் உண்டு: கிரேக்கப் பொன்தோஸிலிருந்து வந்த 'பொன்தோ'. ஆனால் அது பியேலகோ அளவுக்கு வேர்பிடிக்கவில்லை. 'எலெஸ்பொன்தோ' போன்ற பழைய கடற்பெயர்களுக்குள்தான் அதிகம் வாழ்கிறது.

சத்திரத்தில் ஒரு பாட்டு

பியேலகோவை ஒரே ஓர் இடத்தில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது 1605இல் வெளியான செர்வாந்தேஸின் டான் கிஹோத்தே நாவல் முதல் பாகத்தின் 43ஆம் அத்தியாயத்தை. இடம் லா மாஞ்சா பக்கத்து வழிச் சத்திரம். சுற்றிலும் வறண்ட நிலம். கடல் பல நாள் பயணத் தொலைவு. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பெண்கள் படுத்திருக்கும் அறைக்குள் வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது. துணைக்கு இசைக்கருவி எதுவும் இல்லை. கோவேறு கழுதை ஓட்டும் பையன் ஒருவன் பாடுகிறான்.

"மரினேரோ சோய் தே அமோர், இ என் சு பியேலகோ ப்ரொஃபுந்தோ..." காதலின் மாலுமி நான், அதன் ஆழ்ந்த பியேலகோவில், எந்தத் துறையும் சேர்வேன் என்ற நம்பிக்கையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன். தூரத்தில் ஒரு நட்சத்திரம் தெரிகிறது. பாலினூரோ பார்த்த அத்தனையிலும் அதுவே அழகு என்கிறான். பாலினூரோ யார்? வர்ஜிலின் காவியத்தில் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் ஓட்டும் சுக்கான்காரன். பெலகுஸ் என்று வர்ஜில் எழுதிய அதே கடலில் தூக்கம் மேலிட்டுத் தண்ணீரில் விழுந்தவன். ஒரு கழுதைக்காரப் பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவன் கழுதைக்காரன் இல்லை. அரகோன் நாட்டுப் பிரபு ஒருவரின் மகன், பெயர் தோன் லுயிஸ். உள்ளே தூங்கும் கிளாரா என்ற பெண்ணுக்காக வேடம் போட்டுக்கொண்டு கால்நடையாகப் பின்தொடர்ந்து வந்திருக்கிறான். அவளுக்குப் பதினாறு இன்னும் முடியவில்லை, அவனுக்கும் அதே வயதுதான் இருக்கும். பாட்டின் முடிவில் அந்த நட்சத்திரத்தை அவன் கூப்பிடும் சொல் 'கிளாரா'. ஸ்பானிஷில் அதற்குத் தெளிந்தது, ஒளியுள்ளது என்று பொருள். அவளுக்கு மட்டும் அது தன் பெயர் என்று தெரியும்.

பாட்டில் வரும் பியேலகோ உவமைதான் என்று படித்துவிட்டுப் போய்விடலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். முந்தைய அத்தியாயத்தை மறுபடி பார்த்தபோது ஓர் இடம் பிடித்து நிறுத்தியது. கிளாராவின் தந்தை நீதிபதி. மெக்சிகோவின் நீதிமன்றத்தில் பதவி ஏற்கப் போகும் வழியில்தான் அந்தச் சத்திரத்தில் தங்குகிறார். இன்னும் ஒரு மாதத்தில் செவில் நகரத்திலிருந்து நியூ ஸ்பெயினுக்கு, அதாவது அந்த மெக்சிகோ பக்கத்துக்கு, கப்பல்கள் கிளம்பப் போகின்றன. மகளையும் கூட்டிக்கொண்டு அதில் ஏறப் போகிறார்.

அப்படியென்றால் பையன் பாடும் பியேலகோ வெறும் காதல் மட்டுமல்ல. அவன் எதற்காகக் கால் தேய நடந்து வருகிறானோ அவளை எடுத்துக்கொண்டு போகப் போகும் தண்ணீரும் அதுதான். அட்லாண்டிக், வாரக்கணக்கில் கரை தெரியாத கடல். மார் என்று பாடியிருந்தால் இந்த இரண்டாவது பொருள் இவ்வளவு கனமாக வந்திருக்காது. மாருக்கு எப்போதும் ஒரு கரை உண்டு; கரையில் நின்று காத்திருக்கலாம்.

செர்வாந்தேஸ் இந்தச் சொல்லைப் புத்தகத்தில் மட்டும் கற்றவர் இல்லை. 1571இல் லெபாந்தோ கடற்போரில் சண்டையிட்டு இடது கையின் பயனை இழந்தார். 1575இல் கடலில் வைத்துப் பிடிபட்டு, அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டுகள் சிறை இருந்தார். 1590இல் அமெரிக்காவில் ஏதாவது வேலை கொடுங்கள் என்று விண்ணப்பித்தார். இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நீதிபதிக்குக் கிடைத்த கப்பல் அவருக்குக் கிடைக்கவில்லை.

சத்திரத்தில், அதே அறையில் பாட்டைக் கேட்டு விழித்திருந்த தொரோத்தேயா என்ற பெண், இவ்வளவு நல்ல குரலைக் கேட்காமல் தூங்குகிறாளே என்று கிளாராவைத் தட்டி எழுப்புகிறாள். தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரி கேட்டதும் குளிர்காய்ச்சல் கண்டவள்போல் கிளாராவின் உடம்பு நடுங்குகிறது. ஏன் என்னை எழுப்பினீர்கள் என்று தொரோத்தேயாவைக் கட்டிக்கொள்கிறாள். வெளியே அவன் அடுத்த பாட்டைத் தொடங்குகிறான். கிளாரா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள்.